நாலு பேர் கச்சேரிக்குப் போனால் ஐயாயிரமா? நெல்லைப் பக்கம் கைக்கடக்கமாகப் பார்க்க என்ன இருக்கிறது?

பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ஒரு மெல்லிசைக் கச்சேரிக்கு வீட்டோடு போய்விட்டு வந்தோம். நான், வீட்டுக்காரி, மகள் (11 வயது), மகன் (7 வயது). கணக்கை அப்படியே எழுதுகிறேன். டிக்கெட் 799 வீதம் நாலுக்கு 3,196. அதற்கு மேல் வரி 575. ஆப்பில் புக் செய்ததற்குக் கட்டணம் 189. ஆட்டோ போக வர 600. தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர், பப்ஸ், பாப்கார்ன் என்று 740. மொத்தம் 5,300 ரூபாய்.

பாடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பாடினார்கள். ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த போனைத்தான். மகன் மூன்றாம் பாட்டில் என் தோளிலேயே தூங்கிவிட்டான். ஐந்தாவது டிக்கெட் கட்டுப்படியாகாது என்று அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

நான் மாதச் சம்பளக்காரன். பிள்ளைகள் ஆள் நின்று பாடுவதையும் ஆடுவதையும் நேரில் பார்த்து வளர வேண்டும் என்று ஆசை. மாதம் ஒரு முறையாவது. செலவு ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும். அம்மாவும் வர வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை கணக்கர்:

அண்ணாச்சி, அந்த 575-ஐ முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அது கட்டாமல் தப்பித்திருக்கக்கூடிய பணம். இசை, நடனம், நாடகம், சர்க்கஸ் இவற்றுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. 500-ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் என்றில்லை, முழு டிக்கெட்டுக்கும் 18 சதவீதம். அதனால் 499 டிக்கெட் 499-தான்; 599 டிக்கெட் உங்கள் கைக்கு வரும்போது 707. நூறு ரூபாய் வித்தியாசம் என்று நினைத்து ஏறினால் இருநூறுக்கு மேல் போய்விடும்.

உங்கள் கச்சேரியில் 499 வரிசை இருந்ததா என்று பார்த்தீர்களா? இருந்திருந்தால் நாலு பேருக்கு 1,996-தான் ஆகியிருக்கும். அம்மாவைச் சேர்த்தாலும் 2,495. திறந்தவெளி மைதானத்தில் 799-க்கும் 499-க்கும் நடுவில் ஒரு மூங்கில் தடுப்புதான். ஒலிபெருக்கி எல்லாருக்கும் ஒன்றுதான்.

புக்கிங் கட்டணம் வேறு கதை. அதை டிக்கெட் ஒன்றுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள், அதற்குத் தனியாக 18 சதவீதம் வரி. நம்ம ஊரில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் டிக்கெட் கிடைக்கும் கடைகளின் பெயர் இருக்கும். நேரில் போய் வாங்கினால் அந்தக் கட்டணம் மிச்சம்.

சினிமாவுக்குக் கணக்கு வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. நீங்கள் கேட்டது சினிமா இல்லை என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

சமாதானபுரம் அக்கா:

தம்பி, டிக்கெட்டை விடுங்கள். ஆட்டோவும் தீனியும் 1,340 ஆகியிருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா?

நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்துதான் எங்கும் போவோம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. அம்மா, மனைவி, மகள் மூன்று பேரும் காசில்லாமல் வருவார்கள். உங்களுக்கு ஒரு டிக்கெட், மகனுக்கு அரை டிக்கெட். தீனிக்கு, நான்கு மணிக்கே புளிச்சாதம் கிளறி வாழையிலையில் கட்டிவிடுவேன், அவித்த நிலக்கடலை ஒரு டப்பா. போகும் முன் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிடுவேன். பசியோடு போகிற பிள்ளைதான் பார்த்ததையெல்லாம் கேட்கும். அப்புறம், ஆளுக்கு ஐம்பது ரூபாயை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். ராட்டினமோ பஞ்சுமிட்டாயோ அவர்கள் பாடு. சொந்தக் காசு என்றால் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பாருங்கள். என் மகள் போன ஆனித் திருவிழாவில் ரத வீதி முழுக்கச் சுற்றிவிட்டு நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

வி.கே.புரம் வாத்தியார்:

தம்பி கேட்டதற்குப் பதில் அவர் வீட்டு வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. பேட்டையில் இருந்துகொண்டு நெல்லையப்பர் கோயில் திருவிழாவை எண்ணிப் பார்க்கவில்லையா? ஆனித் தேரோட்டம் என்றால் எல்லாரும் ஒன்பதாம் நாள் தேர் இழுப்பதை மட்டும் நினைக்கிறார்கள். பத்து நாளும் வீதியுலா இருக்கிறது. சப்பரத்துக்கு முன்னால் வரும் நாதஸ்வரத்தைக் கேட்க ஒரு காசு வேண்டாம். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாழ்ந்த பக்கம் இது. அவர் வாசித்தபோது தெருவில் நின்று கேட்டவர்கள்தான் நம் தாத்தாக்கள். வாகையடி முக்கில் நின்று இடித்துக்கொள்ளாமல், சப்பரம் திரும்பும் முடுக்குக்கு ஐம்பது அடி தள்ளி நில்லுங்கள். திருப்புவதற்கு நேரமாகும், அதுவரை மேளம் ஒரே இடத்தில் நின்று வாசிக்கும். உங்கள் அம்மாவுக்கு உட்காரத் திண்ணையும் கிடைக்கும்.

அடுத்து குற்றாலம் சாரல் திருவிழா. சீசனில் அரசு நடத்துவது. கலைவாணர் அரங்கத்தில் மாலையில் பரதம், கிராமியக் கலை, பட்டிமன்றம் எல்லாம் உண்டு, கட்டணமில்லை. செங்கோட்டை பாசஞ்சரில் தென்காசியில் இறங்கி அங்கிருந்து பஸ். காலையில் அருவி, மாலையில் கலை நிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டால் அறை எடுக்கத் தேவையில்லை. ஆனால் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், அதைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகைக் காரில் போய்விடும்.

புரட்டாசியில் பாளையங்கோட்டை தசரா. ஆயிரத்தம்மன் முதலாகப் பன்னிரண்டு சப்பரங்கள் விளக்கலங்காரத்தோடு வரிசையாக நிற்பதைப் பார்க்கக் குலசேகரன்பட்டினம் வரை போக வேண்டாம். குலசைக்கும் ஒரு முறை போங்கள், ஆனால் சூரசம்ஹார இரவு ஏழு வயதுப் பிள்ளையோடு வேண்டாம். அதற்கு முந்தைய நாட்களில் தசராக் குழுக்கள் வேஷம் கட்டி ஊர் ஊராக வருவார்கள். காளியும் குறவனும் குரங்கும் உங்கள் தெருவுக்கே வருவார்கள்.

இதெல்லாம் ஊரறிந்தது. நான் சொல்ல வந்தது கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா.

சித்திரையிலும் ஆடியிலும் ஆவணியிலும் செவ்வாய், வெள்ளி பார்த்து நம் பக்கம் எத்தனை ஊரில் அம்மனுக்கும் சுடலைக்கும் கொடை நடக்கிறது! முதல் நாள் சாயங்காலம் குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, இரவு சாமக் கொடை. இரவு முழுக்க வில்லுப்பாட்டு. சில கோயில்களில் கணியான் கூத்து. விடிய விடிய ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஒரே கதையைப் பாடி, சிரிக்க வைத்து, அழ வைத்து, சாமியாடிக்கு அருள் வரும் இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்துகிற கலைஞர்கள் இவர்கள். வில்லிசைக்காக 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய சுப்பு ஆறுமுகம் நம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர்தான். அவர் மேடைக்குக் கொண்டுபோன கலை, இங்கே கோயில் பந்தலில் இன்னும் மண்தரையில் உட்கார்ந்தே நடக்கிறது.

கணியான் கூத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் பந்தலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஓலையைக் கொளுத்தி, மகுடம் என்கிற தோல் மேளத்தை அந்தச் சூட்டில் காட்டுவார்கள். தோல் இறுக இறுக விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார்கள். இரண்டு மகுடம், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டும் சேர்ந்து இசைவுக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் சூடு காட்டுவார்கள். அப்புறம் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடமிட்டவர்கள் சலங்கையோடு இறங்குவார்கள். நான் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். சூட்டினால் தோல் இறுகும், இறுகினால் சுருதி ஏறும் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் நடத்த முடிந்ததில்லை.

பொட்டல்புதூர் பேரன்:

வாத்தியாரையா கோயிலோடு நிறுத்திவிட்டார். பொட்டல்புதூர் தர்கா கந்தூரித் திருவிழாவுக்கும் வாருங்கள். யானை வரும், மேளம் வரும், எல்லா மதத்தாரும் வருவார்கள். உவரி அந்தோணியார் கோயில், மணப்பாடு திருச்சிலுவை நாதர் திருவிழா (செப்டம்பர் 14), தூத்துக்குடி பனிமய மாதா (ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை) இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர் தம்பி:

கந்த சஷ்டிக்கு இங்கே வருபவர்கள் ரயிலில் வாருங்கள். நெல்லையிலிருந்து பாசஞ்சர் கட்டணம் பஸ்ஸைவிடக் குறைவு. சூரசம்ஹாரம் மாலையில்தான், ஆனால் கடற்கரையில் இடம் வேண்டும் என்றால் மதியத்துக்கு முன்பே வந்துவிடுங்கள்.

ஜங்ஷன் ராஜா:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கொடை என்பது சாமி காரியம். பொழுதுபோக்குச் செலவை மிச்சம் பிடிக்கக் கொடைக்குப் போகிறோம் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊர்க் கொடைக்கு இப்போது வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், சாமியாடியின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறார்கள், பாட்டுக்கு நடுவில் எழுந்து போகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பையன் வேட்டைக்குப் போகிற சாமியை மறித்து நின்று படம் எடுத்தான். என் அப்பா அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வி.கே.புரம் வாத்தியார்:

ராஜா சொல்வது உண்மை, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். போகிறவர்கள் குளித்துவிட்டுப் போங்கள். செருப்பைப் பந்தலுக்கு வெளியே விடுங்கள். சாமி வரும் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். தீபாராதனை நேரத்தில் எழுந்து நில்லுங்கள். போனைப் பையில் வையுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், ‘வெளியூரிலிருந்து வில்லுக் கேட்க வந்திருக்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் போன எந்த ஊரிலும் அதைச் சொன்ன பிறகு எனக்குப் பாய் விரிக்காமல் இருந்ததில்லை.

ஆனால் ராஜா, வில்லுப்பாட்டில் சிரிப்பு இருக்கிறது, ஊர்க்கதை இருக்கிறது, பாடுபவர் முன்வரிசைக் கிழவியிடம் வம்பு பேசுவது இருக்கிறது. சாமி காரியத்துக்குள்ளேயே மனுஷருக்கான பங்கையும் நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். கேட்க ஆள் வராமல் பந்தல் காலியாகிற ஊர்களையும் நான் பார்த்துவிட்டேன்.

கருங்குளம் குடம்:

நான் இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். என் அப்பா முப்பத்தைந்து வருஷமாக வில்லுக் குழுவில் குடம் அடிப்பவர். அதனால் ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் எல்லாரும் இலவசம், கட்டணமில்லை என்று எழுதுகிறீர்கள். கொடை இலவசம் இல்லை. ஊரில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு வசூலிக்கிறார்கள். பீடி சுற்றுகிற வீட்டிலும் வரி உண்டு, சென்னையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் வீட்டிலும் உண்டு. அந்தப் பணத்தில்தான் பந்தல், மேளம், வில்லு, சாப்பாடு எல்லாம். போன ஆடியில் ஓர் ஊரில் எங்கள் குழுவுக்கு ஓர் இரவுக்கு 24,000 பேசினார்கள். ஏழு பேர். வேன் வாடகை அதற்குள்ளேயே. அண்ணாவிக்குப் பங்கு போக, அப்பா கைக்கு வந்தது 2,500. அதே ஊரில் மறுநாள் இரவு ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு 1,10,000 கொடுத்தார்கள். அடுத்த வருஷம் செலவைக் குறைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டபோது முதலில் வெட்டலாம் என்று பேசியது வில்லைத்தான்.

அப்பாவின் வலது கை மணிக்கட்டு இப்போதெல்லாம் வீங்கிவிடுகிறது. பானையின் வாயில் மட்டையால் அடிக்கும்போது ‘தும்’ என்று ஒரு சத்தம் வயிற்றுக்குள் போய் விழுமே, அதை இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். இடது கையில் காசை வைத்துப் பானையின் கழுத்தில் தாளம் தட்ட வேண்டும். பாடுபவருக்கு மூச்சு வாங்கும்போது குடமும் உடுக்கையும்தான் ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும். காலையில் வந்து படுத்தால் எழுந்து சோற்றைப் பிசையக் கை வராது.

அதனால், மிச்சம் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டோவில் பிடியுங்கள், பப்ஸில் பிடியுங்கள். வெளியூரிலிருந்து வந்து உட்காருகிறவர் வரி கொடுக்கவில்லை, அதை நினைவில் வைத்து ஒரு நூறோ இருநூறோ வில்லுக்கு அன்பளிப்புக் கொடுங்கள். பாட்டின் நடுவில் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்திப் பாடுவார்கள். பெயர் வேண்டாம் என்றால் பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள்.

பாளை கணக்கர்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் கொடைக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். வில்லுக்கு ‘இதர செலவு’ என்ற தலைப்பில் எழுதிவந்தேன். இந்த வருஷக் கூட்டத்தில் அதைத் தனித் தலைப்பாக மேலே கொண்டுவந்து, போக்குவரத்தைக் குழுவின் பங்கிலிருந்து எடுக்காமல் ஊர்ச் செலவில் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

சமாதானபுரம் அக்கா:

கருங்குளம் தம்பி, அப்பாவுக்கு இரவில் எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த மணிக்கட்டு வீக்கத்தை விட்டுவிட்டுத்தான் பெரிதானது.

பேட்டைக்காரன்:

ஆனியில் கேட்டவன் ஆடி முடியும்போது வந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கடைசிச் செவ்வாய் முன்னீர்பள்ளம் தாண்டி ஓர் அம்மன் கோயில் கொடைக்குப் போனோம். ஐந்து பேரும்.

கணக்கு. பஸ்ஸுக்கு எனக்கும் மகனுக்கும் போக வர 48. பிள்ளைகள் கையில் ஐம்பது ஐம்பதாக 100. காப்பி, வடை 120. வில்லுக்கு அன்பளிப்பு 200. உண்டியலில் 51. மொத்தம் 519. புளிச்சாதம் வீட்டிலிருந்து. இரவு கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படாமல் விடியும்வரை இருந்து முதல் பஸ்ஸில் திரும்பினோம். வாத்தியாரையா சொன்னபடி பந்தலில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் வீட்டிலிருந்தே ஒரு பாயும் ஜமுக்காளமும் வந்தன.

முத்துப்பட்டன் கதை பாடினார்கள். பாடியது ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும். வீசுகோலை வில்லில் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் மணிகள் குலுங்கியதில் மகன் எழுந்து உட்கார்ந்தான். முத்துப்பட்டன் மணக்கிற பொம்மக்காவும் திம்மக்காவும் வருகிற இடத்துக்கு முன்பே என் அம்மா அடுத்த வரியை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு நாற்பது வயதாகிறது, அம்மாவுக்கு இந்தப் பாட்டுத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவருடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்குப் போவாராம். அங்கே பட்டவராயனுக்கு, அதாவது சாமியாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு, நேர்ந்து கட்டியிருக்கும் தோல் செருப்புகளைப் பற்றி அம்மா மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தார், பஸ் பேட்டைக்கு வரும்வரை.

அன்பளிப்புக்கு அம்மாவின் பெயரைச் சொன்னேன். வில்லில் பெயர் வந்தபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு கேள்வி: மகன் மகுடம் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறான். கணியான் கூத்து ஆவணியில் எங்கே இருக்கிறது?

ஜங்ஷன் ராஜா:

எங்கள் ஊரில் ஆவணி இரண்டாம் வெள்ளி, சுடலை கோயிலில். உங்களைப் போல வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வழி தனியே அனுப்புகிறேன். ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள், மகுடம் காய்ச்சுவது அதற்கப்புறம்தான். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

கருங்குளம் குடம்:

அந்தக் கொடைக்கு எங்கள் குழுதான் வில்லு. அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.